துண்டு போடாத சீட்டு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கோர்வையாகச் சொல்லத் தெரியாது. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று மறந்துபோகும். பேசுவதற்கோ அதைவிட வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தத் தாளெல்லாம் மிச்சம்.

போன வருஷம் ஆயுத பூஜையை ஒட்டி எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் தென்காசியில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறேன். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு அறை பிடித்துக் கொடுப்பதுதான் மருமகளின் தொழில். ஐந்தருவிப் பக்கம், பழைய குற்றாலம் போகிற பாதை என்று நாலைந்து வீடுகளை அவள் கவனித்துக்கொள்கிறாள். எல்லாம் செல்போனில்தான். மதுரையிலோ சென்னையிலோ இருக்கிறவர்கள் அவளுடைய பக்கத்தைத் திறந்து, எந்த அறை காலி என்று பார்த்து, பெயரைப் போட்டுவிடுவார்கள். குற்றாலத்தில் சாவி வைத்திருக்கிற காவல்காரரும் அதே பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் கதவைத் திறந்துவிடுவார்.

அந்தப் பக்கத்தை வைத்திருக்கிற பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மருமகளின் தம்பி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவன்தான் அதைக் கொண்டுவந்து, நாங்கள் அரங்கு என்று சொல்லும் உள்ளறையில், புளிப்பானைக்கு மேல் தட்டில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பெயர் சர்வர் என்றான். சர்வர் என்றால் எனக்குத் தெரிந்தது ஓட்டலில் இலை போட்டுத் தண்ணீர் வைக்கிறவர். ஏதோ வேடிக்கை பண்ணுகிறான் என்று சிரித்தேன். "சிரிக்காதீய அத்தை. இது கேட்டவங்களுக்குக் கேட்டத எடுத்துக் குடுக்கும். அதான் சர்வரு" என்றான். அப்படியானால் என் பெயரும் அதுதானே என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

போகும்போது பெட்டியின் நெற்றியில் ஒரு தாளை ஒட்டி அதில் எண் எழுதி வைத்தான். நாலு துண்டாக, நடுவில் புள்ளி வைத்த எண். கடைசித் துண்டு 2. இதுதான் இந்தப் பெட்டியின் வீட்டு நம்பர், இதைக் கிழித்துவிடக் கூடாது என்று என்னிடம் பத்து முறை சொன்னான். கிழிக்கிறவள் நான்தான் என்று அவனுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜையன்று வேலை செய்கிற சாமான் எல்லாவற்றுக்கும் ஓய்வு. அரிவாள்மனை, மிக்சி, தையல் மெஷின், மகனின் பைக், எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு நிறுத்திவிடுவோம். மறுநாள் விஜயதசமி காலையில் சூடம் காட்டி, ஒவ்வொன்றையும் லேசாக வடக்கே நகர்த்திய பிறகுதான் தொடுவது. அதற்குப் பூஜை பிரிக்கிறது என்று பெயர். பிரிக்கும் முன்னால் ஒன்றை எடுத்து வேலை செய்தால் பூஜை பூஜையே இல்லை. பெட்டி வந்த பிறகு வருகிற முதல் பூஜை அது. வந்த நாளிலிருந்து ஒரு நாழிகைகூட அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு போனால் இன்வெர்ட்டர் தாங்கும்.

அன்று மத்தியானம் மருமகள் செங்கோட்டையில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போன் காதில். நான் வாசல்வரை போய்க் கேட்டேன்.

"பெட்டிய அணைச்சுப் பொட்டு வைக்கட்டுமாம்மா?"

"சரி சரி" என்றாள். போய்விட்டாள்.

அந்தச் 'சரி' எனக்குச் சொன்னதா, போனில் இருந்தவருக்குச் சொன்னதா என்று இன்றைக்குவரைக்கும் எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டால் தெரியும் என்பாள். எனக்கோ நான் கேட்டதும் தெரியும், அவள் சரி என்றதும் தெரியும்.

கரண்டு வேலைக்காரர் வந்தால் அணைப்பதற்கென்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தபடியே செய்தேன். பொத்தானை ஒரு முறை அமுக்கிவிட்டு, விளக்கு போகும்வரை காத்திருந்து, பிறகு சுவிட்ச். அடுத்து கூடத்தில் இருக்கிற வைஃபை பெட்டி. அடுத்து டிவி. மூன்றுக்கும் சந்தனம். சர்வருக்கு வைக்கும்போது நெற்றிதானே என்று அந்தத் தாளின் மேலேயே வைத்துவிட்டேன். அது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். என் தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் கூடத்தில் டிவி சத்தம். என் மகன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறான். டிவிக்கு வேண்டுமென்று வைஃபை பெட்டியையும் போட்டிருக்கிறான். சந்தனப் பொட்டு இன்னும் டிவியின் மூலையில் இருந்தது.

"ஏலே, இன்னும் பூஜை பிரிக்கலையேலே" என்றேன்.

"நீங்க பிரிங்கம்மா, நான் என்ன பிடிச்சா வச்சிருக்கேன்" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

நான் போய்ச் சூடம் காட்டினேன். முதலில் சர்வரை ஒரு விரற்கடை வடக்கே நகர்த்திச் சுவிட்சைப் போட்டேன். இந்த வீட்டுக்குச் சோறு போடுவது அது, அதற்குத்தான் முதல் மரியாதை என்று நினைத்தேன். பச்சை விளக்கு வந்தது. பழக்கப்படி தினசரிக் காலண்டரில் விஜயதசமித் தாளின் ஓரத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். பொரிகடலையைக் கிண்ணத்தில் அள்ளி மகன் பக்கத்தில் வைத்தேன். அவன் அதையும் பார்க்காமல்தான் தின்றான்.

செங்கோட்டையிலிருந்து மருமகள் வந்து இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. பூஜை விடுமுறை, மலையில் நல்ல மழை, குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. காவல்காரர் பேசினார். அவர் பேசினால் போனுக்கு வெளியே தெருவுக்கே கேட்கும்.

"எம்மா, பக்கம் தெறக்க மாட்டேங்கி! சுத்திக்கிட்டே கெடக்கு. இங்கன ஒரே ரூமுக்கு ரெண்டு குடும்பம் வந்து நிக்கி. ஒருத்தர் தலையில எண்ணெயத் தேச்சுட்டு எறங்கிட்டாரு. நான் யாருக்குச் சாவி குடுக்க?"

"நோட்டுல எழுதி வைக்கலையா அண்ணாச்சி?"

"நோட்டு வேண்டாம்னு சொன்னது யாரு? நீதாம்மா!"

அவள் தன் லேப்டாப்பைத் திறந்தாள். அதிலும் பக்கம் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்து, பதில் இல்லை என்று சொல்லி நின்றது. அரங்குக்குள் ஓடினாள். தட்டைப் பார்த்தாள். சந்தனம், குங்குமம், வாடிய செவ்வந்தி. அப்படியே என் பக்கம் திரும்பினாள்.

"என்னத்த பண்ணி வச்சிருக்கீய?"

"அணைச்சுப் பூஜை பண்ணினேன்மா. நீதான..."

"நான் சொன்னேனா? நான் எப்பச் சொன்னேன்? ஏங்க, இங்க வாங்க! ஒங்க அம்மா சர்வர அணைச்சுக் குங்குமத்தக் கொட்டி வச்சிருக்கா!"

என் மகன் வந்து நின்றான். பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவன் என்னைக் கொண்டு பிறந்தவன்.

அவள் தம்பியைப் போனில் பிடித்தாள். வீடியோவில் அவன் முகம் வந்தது. அவன் சொல்லச் சொல்ல இவள் செய்தாள். அணைத்துப் போடு என்றான். போட்டாள். திறக்கவில்லை. மறுபடி அணைத்துப் போடு என்றான். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு வரும், விசிறி சுற்றும், பக்கம் மட்டும் திறக்காது. அதற்குள் காவல்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். எண்ணெய் தேய்த்தவர் எண்ணெயோடு வந்து சாவியைப் பிடுங்கப் பார்க்கிறாராம்.

"குங்குமம் உள்ள போயிருக்கும்க்கா. இல்லன்னா சந்தனத்துல இருந்த தண்ணி. கழத்திப் பாரு."

கழற்றினாள். உள்ளே தூசிதான் இருந்தது. குங்குமம் ஒரு துளி இல்லை. பூஜைக்காக நான் வெளிப்புறத்தைத் துடைத்திருந்தேன், உள்ளேயும் துடைத்திருக்கலாம் போலிருந்தது.

"ஒண்ணையும் காணலையேடா."

"கண்ணுக்குத் தெரியாதுக்கா. அத்தை கை வச்சா வெளங்குமா? போன தடவ நான் வந்தப்பவே சொன்னேம்லா, அந்த ரூம்புக்குள்ள அவங்கள விடாதன்னு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். போனுக்குள் இருந்து பார்க்கிறவனுக்கு நான் நிற்பது தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பான்.

அப்போதுதான் மருமகள் அதைச் சொன்னாள். கத்தவில்லை. அவள் கத்தினால் நான் பயப்படுவதில்லை.

"நாளைக்குக் காலைல ஒங்க அம்மாவ வீரகேரளம்புதூர்ல கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. கொஞ்ச நாளைக்கு மக வீட்ல இருக்கட்டும். எனக்குத் தொழில் பாக்கணும்."

என் மகன் "பாப்போம்" என்றான்.

என் மகள் வீட்டில் அவளுடைய மாமியார் இருக்கிறாள். இரண்டு அறை வீடு. போன முறை நான் போய் எட்டு நாள் இருந்தபோது, அந்த அம்மாள் என் காதுபட 'ஆம்பளப் பிள்ள இருக்கையில' என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். கொஞ்ச நாளைக்கு என்று அனுப்பப்படுகிற கிழவி எத்தனை நாளைக்கு அனுப்பப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தெருவிலேயே இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். ஒருத்தி திரும்பவில்லை.

நான் போய் என் பையை எடுத்துச் சேலை நாலு, மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு வைத்துக் கட்டி, கூடத்து வாசல்படி ஓரத்தில் கொண்டுவந்து வைத்தேன். அவர்கள் சொல்லி எடுத்து வைப்பதற்கு முன்னால் நானே வைத்துவிடுவது என்று.

அரங்கில் தம்பிக்காரன் புதிதாக ஒன்று சொல்லிக்கொண்டிருந்தான். மச்சில் கிடந்த பழைய திரையைக் கொண்டுவந்து பெட்டியிலேயே மாட்டிப் பார்க்கச் சொன்னான். மகன் தூக்கி வந்தான். மாட்டினார்கள். ஆச்சரியமாக, அதில் பக்கம் திறந்தது. யார் யாருக்கு எந்த அறை என்று எல்லாப் பெயரும் அப்படியே இருந்தது. மருமகள் முதல் வேலையாகக் காவல்காரருக்குப் பெயரை வாசித்தாள். எண்ணெய் தேய்த்தவருக்கு அந்த அறை இல்லை என்று தெரிந்தது. அவர் போட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"பெட்டில திறக்கு, வெளிய திறக்கல. அப்பக் கோளாறு வாசல்லதான்க்கா" என்றான் தம்பி. "வெளிய இருந்து வர்றவங்கள உள்ள அனுப்புறது வைஃபை பெட்டிதான். அது எந்த நம்பருக்கு அனுப்புது, பாரு."

அவள் லேப்டாப்பில் ஏதோ பக்கத்துக்குப் போனாள். "கடைசில ரெண்டு."

"சர்வர்ல ஒட்டியிருக்க தாள்ல என்ன இருக்கு?"

"அத்தை, அத வாசிங்க. பொட்டு வச்சு மறைச்சிருக்கீயள்லா" என்றாள் மருமகள்.

முந்தானையால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு வாசித்தேன். இரண்டு.

"ரெண்டுன்னா ரெண்டுதான். எல்லாம் சரியாத்தானக்கா இருக்கு! அப்ப உள்ளதான் ஏதோ போயிருக்கு. பெட்டிய இங்க அனுப்பி வை."

குற்றவாளியாக மறுபடியும் என்னைத்தான் அவன் நிறுத்தினான். மருமகள் நெற்றியில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். லேப்டாப் அவள் மடியில் திறந்தபடி இருந்தது. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். திரையில் ஒரு பட்டியல். இங்கிலீஷ் வாசிக்க எனக்கு வராது. ஆனால் பெரிய எழுத்துகள் தெரியும், எண்கள் நன்றாகத் தெரியும். பட்டியலில் முதல் வரி, கடைசி எண் 2. அதற்கு நேரே டி என்ற எழுத்தும் வி என்ற எழுத்தும். எங்கள் டிவியின் கீழே இருக்கிற அதே இரண்டு எழுத்து.

"ரெண்டு டிவிக்குல்லா போட்டிருக்கு" என்றேன்.

யாரும் திரும்பவில்லை. நான் சொன்னேனா, நினைத்தேனா என்று எனக்கே சந்தேகம். மறுபடி சொன்னேன்.

"செத்த சும்மா இருங்கத்தை" என்றாள்.

கூடத்துக்குப் போனேன். விஜயதசமித் தாளைக் காலண்டரிலிருந்து கிழித்தேன். அன்றைய தாளைச் சாயங்காலத்துக்கு முன் நான் கிழித்தது என் வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான். பிள்ளையார் சுழிக்குக் கீழே பென்சிலால் கொட்டை எழுத்தில் '2 டிவி' என்று எழுதி, கொண்டுவந்து அவள் விரலுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் வைத்தேன்.

தாளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"டேய்" என்றாள் போனைப் பார்த்து. "ரெண்டுல டிவி இருக்குடா. சர்வரு மூணுல கெடக்கு."

போனில் தம்பியின் படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். இமைத்தான். நிற்கவில்லை.

பிறகு சொன்னான். வைஃபை பெட்டி முதலில் வருகிறவருக்கு முதல் நம்பர், அடுத்தவருக்கு அடுத்தது என்று கொடுக்குமாம். அவன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த அன்று முதலில் ஏறியது சர்வர். அதனால் இரண்டு கிடைத்தது. அணையாமலே ஓடியதால் அது கைவிட்டுப் போகவில்லை. பூஜைக்கு எல்லாம் அணைந்து, காலையில் முதலில் ஏறியது டிவி. வெளியே இருந்து வந்தவர்கள் எல்லாம் காலையிலிருந்து எங்கள் டிவியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது.

"பஸ்ல சீட்டு மாதிரி அத்தை" என்றான் என்னிடம். அன்று அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "மொதல்ல ஏறுனவங்களுக்குத்தான். எந்திரிச்சுப் போனா அடுத்தவன் உக்காந்துருவான்லா."

"எந்திரிச்சுப் போனாலும் இடம் போகாம இருக்க வழி இல்லையா?" என்று கேட்டேன். எனக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"இருக்கு. இந்த நம்பர் இவருக்குத்தான்னு அதுக்குள்ள எழுதி வச்சிரணும்."

தென்காசி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ் வந்து நிற்கும் முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்காதவர் உண்டா?

"அப்ப நீ துண்டு போடாமலே எறங்கிப் போயிட்டியா, தம்பி?"

மருமகள் சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டாள். தம்பி, "அன்னைக்கு அவசரம் அத்தை, ரயிலுக்கு நேரமாயிட்டு" என்றான். அவன் அன்று ரயிலுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் சாப்பிட்டான். பரிமாறியது நான்.

பிறகு சரிபண்ணுவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாம் நம்பரைச் சர்வருக்கென்று எழுதி வைத்தார்கள். டிவியைப் பிடுங்கினார்கள். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டு, அடுத்துச் சர்வரைப் போட்டார்கள். நான் காலையில் நினைத்திருந்த வரிசைதான் அது. காவல்காரர் கூப்பிட்டு, "தெறந்துட்டும்மா, தெறந்துட்டு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மருமகள் மகன் பக்கம் திரும்பினாள். "காலங்காத்தால ஒங்களுக்கு டிவி கேக்குதோ?" அவன், "எனக்கென்ன தெரியும், அம்மா எல்லாத்தையும் அணைச்சு வச்சா" என்றான். பூஜை பிரிக்கவில்லை என்று நான் சொன்னதை அவன் சொல்லவே இல்லை. அவள் என்னிடம், "தெரிஞ்சா மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? ஒரு காலைப் பொழுதே போச்சு" என்றாள். இரண்டு தடவை சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. தம்பி போனை வைக்கும்போது, "இருந்தாலும் இனிமே அணைக்க வேண்டாம்னு சொல்லுக்கா" என்றான். என்னிடம் சொல்லச் சொல்லி அவளிடம். இருந்தாலும் என்றால் என்ன இருந்தாலும்?

வீரகேரளம்புதூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மருமகள் வாசல்படியைத் தாண்டும்போது, "பைய எடுத்து உள்ள வைங்கத்தை, கால்ல தட்டுது" என்றாள்.

எடுக்கவில்லை. போகச் சொன்னவளே எடுக்கட்டும் என்று இருந்தேன். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. போகிறபோதும் வருகிறபோதும் மகன் அதைத் தாண்டிப் போனான். ஒரு முறை தடுக்கி விழப் பார்த்தான். பால்காரர், "ஆச்சி ஊருக்கா?" என்று கேட்டார். மருமகள் உள்ளே இருந்து, "இல்ல, இல்ல" என்று சொன்னாள். நான்காம் நாள் அவளே அதைத் தூக்கிக்கொண்டு போய் என் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அவளும் அவிழ்க்கவில்லை, நானும் அவிழ்க்கவில்லை. மாத்திரை டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டேன். சேலை நாலும் இன்னும் அதில்தான் இருக்கின்றன.

இந்த வருஷப் பூஜைக்குப் பெட்டியை அணைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே சந்தனம் வைத்தேன், தாளுக்குக் கீழே, ஓரமாக. வைஃபை பெட்டிக்கும் வைத்தேன். டிவிக்கு வைக்கவில்லை. வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

எனக்கு ஞாபகம் தப்பும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த நம்பர் இரண்டும் மூன்றும்தானா, பட்டியலில் டிவி முதல் வரியா இரண்டாம் வரியா, வைஃபை பெட்டி அப்படித்தான் வந்த வரிசையில் நம்பர் கொடுக்குமா, இதையெல்லாம் விவரம் தெரிந்தவர் யாராவது பார்த்துத் தப்பிருந்தால் திருத்திவிட வேண்டும். முடிந்தால் அந்தச் 'சரி' யாருக்குச் சொன்னது என்பதையும் என் மருமகளிடம் கேட்டு எழுதிவிடுங்கள். டிவியை முதலில் போட்டது யார் என்பதை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.